ஊசி போடத் தெரிந்தால் போதாதா?

நர்ஸிங் படிப்பைப் பற்றி இந்தத் தடவை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன: வார்டுக்கும் நோயாளிக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி தெரிகிற பாடங்களை ஏன் படிக்கச் சொல்கிறார்கள்? நீலகிரியிலிருந்து வந்த கேள்விகளாகப் பார்த்து எடுத்திருக்கிறேன். நான் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்த்ததும், அப்புறம் டியூட்டராகப் பாடம் எடுத்ததும் அந்த மலையில்தான், அதனால் உதாரணங்களும் அங்கிருந்தே வரும்.

கேள்வி: என் மகள் கோவையில் பி.எஸ்ஸி. நர்ஸிங் முதல் செமஸ்டர் படிக்கிறாள். நானும் என் மனைவியும் எஸ்டேட் வேலை. கடன் வாங்கித்தான் சேர்த்தோம். போன் பண்ணினால் “சோசியாலஜி, சைக்காலஜி, இங்கிலீஷ்னு ஓடுதுப்பா, நர்ஸிங் எங்க இருக்குன்னே தெரியல” என்கிறாள். ஊசி போட, கட்டுக் கட்ட, பிரஷர் பார்க்கக் கற்றுக்கொடுத்தால் போதாதா? வருஷத்தையும் ஃபீஸையும் இழுக்கத்தான் இதெல்லாம் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். உண்மையா அம்மா?
ஒரு தகப்பன், கோத்தகிரி

பதில்: ஐயா, முதலில் பணக் கவலையைத் தீர்த்துவிடலாம். இந்தப் பாடங்களை உங்கள் மகளின் கல்லூரி தன் இஷ்டத்துக்குச் சேர்க்கவில்லை. இந்திய நர்ஸிங் கவுன்சில் நாடு முழுமைக்கும் வகுத்த பாடத்திட்டம் இது, 2021-ல் திருத்தி செமஸ்டர் முறைக்கு மாற்றினார்கள். முதல் செமஸ்டரில் இங்கிலீஷ் 40 மணி நேரம், சோசியாலஜி 60, சைக்காலஜி 60. மூன்றும் சேர்த்தால் 160, இருபது வாரத்துக்குப் பிரித்தால் வாரத்துக்கு 8 மணி நேரம். அதே செமஸ்டரில் நர்ஸிங் ஃபவுண்டேஷன் என்ற அடிப்படை நர்ஸிங் பாடத்துக்கு மட்டும் வகுப்பு 120, லேப் 80, வார்டு 160 மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள், அனாட்டமியும் பிசியாலஜியும் தனி. வாரம் 8 மணி நேரத்தை எடுத்துவிடுவதால் ஒரு வருஷம் குறைந்துவிடாது. ஜி.என்.எம். என்கிற மூன்று வருஷ நர்ஸிங் டிப்ளமாவிலும் இந்த மூன்றும் உண்டு. அதனால் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதை மனசில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

சரி, இதனால் பயன் என்ன என்பதுதான் உங்கள் நிஜமான கேள்வி. ஊசி போடுவதும் கட்டுக் கட்டுவதும் கை வேலை, திரும்பத் திரும்பச் செய்தால் யாருக்கும் வந்துவிடும். எந்த நேரத்தில் எதைக் கவனிக்க வேண்டும், யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது டாக்டர் எழுதிக் கொடுக்கும் ஆர்டரில் இருக்காது. அந்த இடத்தில் நர்ஸுக்குக் கை கொடுப்பது இந்தப் பாடங்கள்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கூடலூர், பந்தலூர் பக்கத்து வார்டுகளில் அடிக்கடி நடக்கிற ஒன்றைச் சொல்கிறேன். மத்தியானம் மூன்று மணிக்கு, டிரிப் ஏறிக்கொண்டிருக்கும்போதே ஒரு அம்மா எழுந்து உட்கார்ந்து “கழட்டி விடுங்க, நான் போறேன்” என்பார். ஸ்டாஃப் இரண்டு தடவை எடுத்துச் சொல்லுவார், அப்புறம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கேஸ் ஷீட்டில் “லாமா” என்று எழுதி மூடிவிடுவார், அதாவது மருத்துவ ஆலோசனையை மீறிப் போய்விட்டார் என்று பதிவு. ஒரு நிமிஷம் கட்டில் ஓரத்தில் நின்று “ஏன்மா அவசரம்?” என்று கேட்டால் கதை வெளியே வரும்: ஊருக்குக் கடைசி பஸ் நாலரைக்கு, அதை விட்டால் வழியில்லை, இருட்டின பிறகு இறங்கி நடக்கிற பாதையில் யானை நிற்கும், வீட்டில் எட்டு வயசுப் பெண் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், நாளைக்கு வேலைக்குப் போகாவிட்டால் கூலியும் போச்சு. இதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட நர்ஸ் டாக்டரிடம் போய் மருந்து நேரத்தை மாற்ற முடியுமா, மாத்திரையாகக் கொடுத்து அனுப்ப முடியுமா என்று பேசுவார், அந்தப் பகுதி கிராம சுகாதார செவிலியருக்குப் போன் பண்ணி நாளைக்குப் பார்க்கச் சொல்லுவார். குடும்பம், வருமானம், சாதி, இடம், போக்குவரத்து எல்லாம் ஒரு மனுஷியின் உடம்பை எப்படிப் பாதிக்கின்றன என்று பார்க்கக் கற்றுக்கொடுப்பதற்குப் பெயர்தான் சோசியாலஜி.

அதே கூடலூரில் இன்னொன்று. ரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்துபோகும் பரம்பரை நோயான அரிவாள் செல் ரத்தசோகை பற்றி இந்தியாவில் வெளிவந்த மிகப் பழைய அறிக்கைகளில் ஒன்று, 1952-ல் நீலகிரிப் பழங்குடி மக்களைப் பற்றியது. பணியர், குறும்பர், இருளர் குடும்பங்களில் இன்றைக்கும் இருக்கிறது. தாய் தகப்பன் இருவருமே அந்த மரபணுவைச் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு குழந்தைக்கு நோய் வர. இது உயிரியல், ஒரே வகுப்பில் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் கல்யாண வயசில் இருக்கிற ஒரு பெண்ணிடம் உனக்கு இந்த மரபணு இருக்கிறது என்று யார் முன்னால் சொல்வது, எந்த வார்த்தையில் சொல்வது? “இது உங்க ஜாதிக்கு வர்ற வியாதி” என்று ஒரு தடவை ஒரு நர்ஸ் வாய் தவறிச் சொன்னால் போதும், அந்தக் குடும்பம் மறுபடி ஆஸ்பத்திரிப் படி ஏறாது. அப்புறம் அந்தப் பிள்ளைக்கு மூட்டு வலி தாங்காமல் வரும் இரவில் வீட்டிலேயே வைத்துக்கொண்டிருப்பார்கள். குளிரும், தண்ணீர் போதாமல் போவதும், காய்ச்சலும் அந்த வலியைத் தூண்டிவிடும், மலையில் மூன்றுக்கும் பஞ்சமில்லை.

இரண்டாவது செமஸ்டரில் உங்கள் மகளுக்கு ஊட்டச்சத்துப் பாடம் வரும். அதையும் “சமையல் பாடம்” என்று பிள்ளைகள் ஒதுக்குவார்கள். உங்கள் எஸ்டேட்டிலேயே பாருங்கள், கர்ப்பிணிப் பெண்களுக்கு இரும்புச் சத்து மாத்திரை கொடுப்பார்கள், மாதக் கணக்கில் சாப்பிட்டும் ரத்தம் ஏறியிருக்காது, “இவ மாத்திரையை வாங்கித் தூக்கிப் போட்டுடுறா” என்று பழி அவள் மேல் விழும். எப்படிச் சாப்பிடுகிறாய் என்று கேட்டால், காலையில் இலை பறிக்கக் கிளம்பும் முன் ஒரு டம்ளர் டீயோடு மாத்திரையை விழுங்கிவிட்டு ஓடுகிறேன் என்பாள். டீயில் இருக்கிற டானின், இரும்பைக் குடலில் உறிஞ்ச விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். டீக்கும் மாத்திரைக்கும் நடுவில் ஒன்றிரண்டு மணி நேரம் இடைவெளி விட்டு, எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா மாதிரி ஏதாவது சேர்த்துச் சாப்பிடச் சொன்னால் அதே மாத்திரை வேலை செய்யும். தேயிலை விளைகிற மாவட்டத்தில் நர்ஸாக இருப்பவருக்கு இது தெரியாமல் இருக்கக் கூடாது.

சைக்காலஜிக்கும் ஒரு உதாரணம் சொல்லிவிடுகிறேன். பிரசவ வார்டில் மூன்றாம் நாள், இருபது வயசுப் பெண், குழந்தை அழுதாலும் திரும்பிப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள், மாமியார் “திமிரு” என்கிறார், வார்டில் இருக்கிற சீனியர்களும் “புதுசு, பழகிடும்” என்று நகர்ந்துவிடுகிறார்கள். செகண்ட் இயர் மாணவி ஒருத்தி மட்டும் கட்டிலருகே உட்கார்ந்து தூக்கம் வருகிறதா, சாப்பிடத் தோன்றுகிறதா, மனசில் என்ன ஓடுகிறது என்று மெதுவாகக் கேட்டாள், பதில்களை எழுதிக்கொண்டு வந்து டாக்டரிடம் சொன்னாள். பிரசவத்துக்குப் பின் வருகிற மனச்சோர்வாக இருக்கலாம் என்று அன்றைக்கே மனநல மருத்துவருக்கு அனுப்பினார்கள். அந்த மாணவியைக் கட்டிலருகே உட்கார வைத்தது சைக்காலஜி வகுப்பில் படித்த ஒரு பக்கம்தான்.

ஆனால் உங்கள் மகளின் சலிப்பில் நியாயமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாகப் பதில் சொன்னதாகாது. பல கல்லூரிகளில் இந்தப் பாடங்களை எடுக்க வெளியிலிருந்து ஒருவர் வருகிறார், அவர் வார்டையே பார்த்திருக்க மாட்டார், சமூகம் என்றால் என்ன, குழு என்றால் என்ன என்று ஐந்து மார்க் விடைகளை டிக்டேட் பண்ணிவிட்டுப் போவார், பிள்ளைகள் கைடு வாங்கி மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறுநாளே மறந்துவிடுவார்கள். இப்படி நடந்தால் அந்த 160 மணி நேரமும் வீண்தான், நான் ஒத்துக்கொள்கிறேன். பாடத்திட்டத்தில் இவற்றின் பெயரே “அப்ளைடு சோசியாலஜி”, “அப்ளைடு சைக்காலஜி”. வார்டோடு சேர்த்து நடத்து என்பதுதான் கவுன்சில் சொன்னது. உங்கள் மகளிடம் சொல்லுங்கள், ஒவ்வொரு வகுப்பிலும் எழுந்து “இதை வார்டில் எங்கே பார்ப்போம், மேடம்?” என்று கேட்கட்டும். மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், நாலு பேர் கேட்க ஆரம்பித்தால் வகுப்பே மாறும்.

கேள்வி: மகன் பிளஸ் டூ அறிவியல் பிரிவு, நர்ஸிங் போக ஆசைப்படுகிறான். பிசிக்ஸில் திணறுகிறான். பி.எஸ்ஸி. நர்ஸிங்குக்கு பிசிக்ஸ் படித்திருக்க வேண்டுமாமே, நர்ஸுக்கு அது எதற்கு?
ஒரு தாய், ஊட்டி

பதில்: இயற்பியல், வேதியியல், உயிரியல், இங்கிலீஷ் நான்கும் படித்திருக்க வேண்டும் என்பது விதி. ஜி.என்.எம். படிப்புக்கு மற்ற பிரிவு மாணவர்களும் போகலாம்.

எதற்கு என்று ஊட்டியில் இருந்துகொண்டு கேட்கிறீர்கள், பதில் உங்கள் அடுப்பிலேயே இருக்கிறது. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், காற்றழுத்தம் குறைவு என்பதால். அதனால்தான் அங்கே குக்கர் இல்லாமல் பருப்பு சீக்கிரம் வேகாது. ஆஸ்பத்திரியில் கருவிகளைச் சுத்திகரிக்கும் ஆட்டோகிளேவ் பாத்திரத்துக்கும் அதே கணக்குத்தான். புத்தகத்தில் 15 பவுண்டு அழுத்தம், 121 டிகிரி என்று போட்டிருக்கும், அது கடல் மட்டத்துக்கு எழுதியது. பாத்திரத்தின் அழுத்த மீட்டர் காட்டுவது வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு அதிகம் என்பதை மட்டும்தான், ஊட்டியில் வெளிக்காற்றே மூன்றரை பவுண்டு அளவுக்குக் குறைவு, அதனால் மீட்டர் 15 காட்டும்போது உள்ளே 117 டிகிரி பக்கம்தான் இருக்கும். டெட்டனஸ் கிருமியின் வித்து மாதிரி முரட்டு வித்துகளை அழிக்க அது போதும் என்று நம்பி இருக்க முடியாது, அழுத்தத்தைக் கூட்ட வேண்டும் அல்லது வெப்பமானியைப் பார்த்து நேரத்தைக் கணக்கிட வேண்டும். இப்போதைய மெஷின்கள் பலவும் வெப்பத்தைப் பார்த்தே ஓடுகின்றன, ஆனால் சின்ன கிளினிக்குகளில் இன்னும் பழைய பாத்திரம்தான், அங்கே இதைக் கவனிக்க வேண்டியவர் நர்ஸ். பையனைத் திணறாமல் படிக்க வையுங்கள், குறிப்பாக அழுத்தம், வெப்பம் பற்றிய பாடங்களை.

கேள்வி: நான் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு நர்ஸிங் சேர்ந்திருக்கிறேன். வகுப்பில் எல்லாமே இங்கிலீஷ், அதற்கு மேல் இங்கிலீஷ் என்று தனிப் பாடம் வேறு. பேப்பரைப் பார்த்தாலே கை நடுங்குகிறது. எனக்கு வெளிநாடு போகும் எண்ணமே இல்லை, படித்து முடித்து எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில்தான் வேலை பார்ப்பேன். நோயாளிகள் இங்கிலீஷா பேசப் போகிறார்கள்?
ஒரு மாணவி, கூடலூர்

பதில்: கண்ணு, பயத்தைக் கொஞ்சம் இறக்கி வை. மற்ற பாடங்களுக்குத் தேர்ச்சி 50 சதவீதம் என்றால் இங்கிலீஷுக்கு 40 போதும். உன்னைப் பெயிலாக்குவதற்காக வைத்த பாடம் இல்லை அது.

நோயாளி இங்கிலீஷ் பேச மாட்டார்தான். ஆனால் மருந்துச் சீட்டு பேசும். டோபமின், டோபுடமின் என்று இரண்டு மருந்து இருக்கிறது, ஐ.சி.யு.வில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து அலமாரியில் இருக்கும், எழுத்தில் பார்த்தாலும் காதில் கேட்டாலும் ஒன்று போலத்தான், வேலையோ வேறு வேறு. மில்லிகிராமுக்கும் மைக்ரோகிராமுக்கும் நடுவில் ஆயிரம் மடங்கு. இன்சுலின் 10 யூனிட் என்பதை அவசரத்தில் பத்துக்குப் பக்கத்தில் இங்கிலீஷ் “யு” எழுத்தை மட்டும் போட்டு முடித்துவிட்டால் அந்த எழுத்து சைபர் மாதிரித் தெரிந்து 100 என்று படித்து ஏற்றிவிடும் ஆபத்து உலகம் முழுக்கத் தெரிந்த ஒன்று, அதனால்தான் “யூனிட்” என்று முழுசாக எழுத வேண்டும் என்று விதியே வைத்திருக்கிறார்கள். இதெல்லாம் இலக்கணப் பிழை விவகாரம் இல்லை, உயிர் விவகாரம்.

அப்புறம் நர்ஸஸ் நோட்ஸ், அதாவது நோயாளியைப் பற்றி நர்ஸ் எழுதி வைக்கும் பதிவு. “நோயாளி நன்றாக இருக்கிறார்” என்று எழுதினால் அதில் ஒன்றுமே இல்லை. இரவு 2.10, மூச்சு நிமிடத்துக்கு 28, தலையைத் தூக்கி வைத்தேன், 2.15-க்கு டியூட்டி டாக்டருக்குப் போன் செய்தேன், 2.30-க்கு வந்து பார்த்தார் என்று எழுதினால் அது சாட்சி. நாளைக்கு வழக்கு வந்தால் நீதிமன்றத்தில் உன்னைக் காப்பாற்றப் போவதும் அந்த நாலு வரிதான். போனில் டாக்டரிடம் சொல்லும்போதும் ஒரு ஒழுங்கு வேண்டும்: இப்போது என்ன நடக்கிறது, இவருக்கு முன்னால் என்ன இருந்தது, நான் என்ன நினைக்கிறேன், நீங்கள் என்ன செய்ய வேண்டும். இந்த நாலையும் இங்கிலீஷில் ஒரு நிமிஷத்துக்குள் சொல்லப் பழகு. கட்டுரை எழுதுகிற இங்கிலீஷ் உனக்கு இப்போது அவசரம் இல்லை. பாக்கெட் நோட்டு ஒன்று வைத்துக்கொண்டு, வார்டில் காதில் விழுகிற வார்த்தைகளைத் தமிழ் அர்த்தத்தோடு எழுதிக்கொண்டே வா, ஆறு மாசத்தில் வித்தியாசம் உனக்கே தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதை எந்தப் பாடத்திட்டமும் உனக்குச் சொல்லாது. கூடலூர்க்காரி என்பதால் உனக்குத் தமிழோடு மலையாளமும் வரும், கன்னடம் காதில் விழுந்திருக்கும், பணியர் பேச்சு கொஞ்சமாவது புரியும். அதை மூலையில் போட்டுவிடாதே. உங்கள் ஊரிலேயே ஆதிவாசி மருத்துவமனை இருக்கிறது, அங்கே பழங்குடிப் பெண்களையே நர்ஸுகளாகப் பயிற்சி கொடுத்து வளர்த்தார்கள். வலி எங்கே, எப்படி என்று சொந்தப் பாஷையில் சொல்ல முடிந்த நோயாளிதான் சரியாகச் சொல்லுவார். சீட்டுக்கு இங்கிலீஷ், கட்டிலருகே அவர்கள் பாஷை, இரண்டும் தெரிந்தவளாக நீ வந்தால் அந்த ஊருக்கு உன்னைவிட நல்ல நர்ஸ் கிடைக்க மாட்டார்.

கேள்வி: ஜி.என்.எம். முடித்து குன்னூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். வயது 38. இப்போது ஜி.என்.எம். முடித்தவர்களுக்கான பட்டப் படிப்பு, போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. சேர்ந்திருக்கிறேன். ரிசர்ச், ஸ்டாடிஸ்டிக்ஸ் என்று மீன் (சராசரி), மீடியன் (நடு எண்) எல்லாம் போடச் சொல்கிறார்கள். இவ்வளவு வருஷம் இது இல்லாமல்தானே நோயாளி பார்த்தேன்?
ஒரு வாசகி, குன்னூர்

பதில்: சிஸ்டர், நைட் டியூட்டியும் பார்த்து, குடும்பத்தையும் கவனித்து, அதற்கு மேல் படிக்கிறீர்கள். அந்தக் களைப்பு எனக்குப் புரிகிறது, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

விளக்கேந்திய அம்மையார் என்று நாம் படம் மாட்டி வைத்திருக்கும் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் ராணுவ ஆஸ்பத்திரிகளை மாற்ற வைத்தது கணக்கை வைத்துத்தான். கிரிமியப் போரில் செத்த சிப்பாய்களில் காயத்தால் செத்தவர்களைவிடத் தடுத்திருக்கக் கூடிய நோய்களால் செத்தவர்களே அதிகம் என்பதை 1858-ல் வட்டப் படமாகப் போட்டுக் காட்டினார், சாக்கடையும் காற்றோட்டமும் மாறியது அதற்குப் பிறகு.

உங்கள் வார்டுக்கு வருவோம். போன மாசம் மூன்று பேருக்கு யூரின் கத்தீட்டரால் (சிறுநீர்க் குழாய்) தொற்று வந்தது, இந்த மாசம் ஐந்து பேருக்கு. நிலைமை மோசமாகிவிட்டது என்று மேனேஜ்மென்ட் உங்களைக் கூப்பிட்டுத் திட்டுகிறது என்று வையுங்கள். ஒரு நோயாளிக்கு ஒரு நாள் கத்தீட்டர் இருந்தால் அது ஒரு கத்தீட்டர் நாள்; போன மாசம் எல்லா நோயாளிகளுக்கும் சேர்த்து 150 கத்தீட்டர் நாள், இந்த மாசம் 400. ஆயிரம் நாளுக்குக் கணக்குப் போட்டால் போன மாசம் 20, இந்த மாசம் பன்னிரண்டரை. உண்மையில் நீங்கள் நன்றாகச் செய்திருக்கிறீர்கள். இதைத் தாளில் போட்டுக் காட்டத் தெரிந்த சிஸ்டரை யாரும் திட்ட முடியாது, இன்னும் இரண்டு ஸ்டாஃப் வேண்டும் என்று கேட்கும்போதும் அந்தத் தாள்தான் பேசும்.

ஹீமோகுளோபினையும் பாருங்கள். கர்ப்பிணிக்கு 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை என்று நாம் மனப்பாடம் செய்திருக்கிறோம், ஆனால் உயரமான இடத்தில் வாழ்கிறவர்களுக்கு உடம்பு தானாகவே ரத்த அணுக்களைக் கூட்டிக்கொள்ளும் என்பதால் உயரத்துக்கு ஏற்றபடி கழித்துப் பார்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. ஊட்டி உயரத்துக்கு ஏறக்குறைய 1 கிராமாவது கழியும். அங்கே 11.4 என்று ரிப்போர்ட் வந்த பெண்ணை “நார்மல்” என்று அனுப்பிவிட்டால் நாம் ஒரு ரத்தசோகையைக் கோட்டை விட்டிருக்கலாம். ஒரு எல்லைக் கோட்டை யார், எந்த மக்களை அளந்து வகுத்தார்கள் என்று கேட்கத் தோன்றுவதே ஸ்டாடிஸ்டிக்ஸ் படித்ததன் பலன்.

பட்டப் படிப்பு நோயாளிக்கு உதவுகிறதா என்பதையும் அளந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து 168 ஆஸ்பத்திரிகளை வைத்து லிண்டா ஏய்கன் குழு 2003-ல் வெளியிட்ட ஆய்வில், பட்டம் பெற்ற நர்ஸுகளின் விகிதம் 10 சதவீதம் கூடுதலாக இருந்த இடங்களில் அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 5 சதவீதம் குறைவாக இருந்தது. 2014-ல் ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளில் பார்த்தபோது 7 சதவீதம். இதை வைத்து மீன், மீடியன் படித்ததால்தான் பிழைத்தார்கள் என்று சொல்லிவிட முடியாது, பட்டத்தோடு பல விஷயங்கள் சேர்ந்து வருகின்றன. அப்படிப் பிரித்து யோசிப்பதற்கும் நீங்கள் இப்போது படிக்கிற பாடம்தான் வழி. உங்கள் அனுபவத்தோடு இந்தக் கணக்கும் சேர்ந்தால் ஜூனியர்களுக்கு நீங்கள் சொல்லிக் கொடுப்பது வேறு தரத்தில் இருக்கும், விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: என் அக்கா மகள் பெற்றோரோடு அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கிறாள், அங்கே நர்ஸிங் பட்டம் படிக்கச் சேர்ந்திருக்கிறாள். அமெரிக்க வரலாறு, அரசியல், ஓவியம் சம்பந்தமான ஒரு பாடம் எல்லாம் படித்தால்தான் நர்ஸிங்குக்கே போக முடியுமாம். நம் ஊரைவிட மோசமாக இருக்கிறதே?
ஒரு சித்தி, அருவங்காடு

பதில்: அங்கே அமைப்பே வேறு. நம் ஊரில் பிளஸ் டூ முடித்ததும் நேராக நர்ஸிங் கல்லூரிக்குள் போகிறோம், அங்கே இளங்கலைப் பட்டம் என்றால் பொதுவாக 120 கிரெடிட் (முடித்த பாடங்களுக்குக் கிடைக்கும் அலகு), அதில் பெரும் பங்கை நர்ஸிங் வகுப்புகளுக்கு முன்னாலேயே பொதுப் பாடங்களாக முடிக்க வேண்டியிருக்கும். டெக்சாஸ் அரசுக் கல்லூரிகளில் எந்தப் பட்டம் படித்தாலும் 42 கிரெடிட் பொதுப் பாடம் கட்டாயம், அதில் அமெரிக்க வரலாறு 6, அரசியல் 6, கலை 3. நர்ஸுக்கு என்று வைத்த தண்டனை இல்லை, இன்ஜினியருக்கும் அதேதான். அமெரிக்க நர்ஸிங் கல்லூரிகள் சங்கம் 2008-ல் வெளியிட்ட வழிகாட்டியிலும் பட்டதாரி நர்ஸுக்கு வேண்டியவற்றில் முதலாவதாகப் பொதுக் கல்வியைத்தான் வைத்தது.

எல்லாமே நேரடியாக உதவும் என்று சொல்ல மாட்டேன். சைக்காலஜி, ஸ்டாடிஸ்டிக்ஸ், எழுத்துப் பயிற்சி, ஊட்டச்சத்து எல்லாம் தினமும் கைக்கு வரும். ஓவியம் அப்படி வராது. செலவும் அங்கே அதிகம், அதனால் தேர்வு எழுதி கிரெடிட் வாங்கிக்கொள்ளும் வழி இருக்கிறதா, அரசு சமுதாயக் கல்லூரியில் குறைந்த கட்டணத்தில் முடித்து மாற்றிக்கொள்ள முடியுமா என்று அவளை விசாரிக்கச் சொல்லுங்கள், பலரும் அப்படிச் செய்கிறார்கள். விருப்பப் பாடம் என்று வந்தால் ஸ்பானிஷ் எடுக்கட்டும், டெக்சாஸ் ஆஸ்பத்திரியில் அது இல்லாமல் சிரமம்.

வரலாற்றை மட்டும் அலட்சியப்படுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். அலபாமா மாநிலம் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை அரசு சுகாதாரத் துறையே சிபிலிஸ் என்ற பால்வினை நோய் வந்த சுமார் 400 கறுப்பின ஆண்களை மருந்து கொடுக்காமல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. 1947 வாக்கிலேயே பென்சிலின்தான் மருந்து என்று தெரிந்தும் கொடுக்கவில்லை. அந்த ஆண்களை நம்ப வைத்துக் கூட்டி வந்த வேலையில் யூனிஸ் ரிவர்ஸ் என்ற நர்ஸும் இருந்தார். இன்றைக்கு ஒரு கறுப்பினப் பெரியவர் தடுப்பூசி வேண்டாம் என்று கையைப் பின்னால் இழுத்தால் அதன் காரணம் அனாட்டமிப் புத்தகத்தில் கிடைக்காது. நம் மலையிலும் அப்படித்தானே? 1964-ல் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்களைக் குடியமர்த்தத்தான் அரசு தேயிலைத் தோட்டங்களே உருவாயின, அந்த லைன் வீடுகளில் இருக்கிற பாட்டிகள் சிலர் ஆதார், ரேஷன் கார்டு என்று காகிதத்தைக் கேட்டாலே முகம் மாறிவிடுவார்கள், எந்தக் காகிதத்தை நம்பிக் கப்பல் ஏறினோம் என்ற நினைப்பு. அந்தக் கதை தெரிந்த நர்ஸ் முதலில் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்துவிட்டு, அப்புறம் காகிதத்தைக் கேட்பார்.

கேள்வி: சோசியாலஜி வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு அந்த நேரத்தில் லைப்ரரியில் அனாட்டமி படிக்கலாமா? பரீட்சைக்குக் கைடு இருக்கிறதே.
ஒரு மாணவர், பந்தலூர்

பதில்: கூடாது தம்பி. ஒவ்வொரு பாடத்திலும் 80 சதவீத வருகை இல்லாவிட்டால் பரீட்சை எழுதவே விட மாட்டார்கள், காரணம் எதுவாக இருந்தாலும். அதோடு சோசியாலஜியும் சைக்காலஜியும் சேர்ந்து ஒரே பல்கலைக்கழகத் தேர்வு, ஒன்றைக் கைவிட்டால் மற்றதும் சேர்ந்து போகும். அனாட்டமி பயம் இருந்தால் எலும்புகளை ராத்திரி ஹாஸ்டலில் இரண்டு பேராக உட்கார்ந்து ஒருவர் கேட்க ஒருவர் சொல்லிப் படியுங்கள், தனியாக லைப்ரரியில் படிப்பதைவிட அது சீக்கிரம் மனசில் நிற்கும். எந்த எலும்பில் சிக்கல் என்று எழுதி அனுப்பு, அடுத்த இதழில் பார்ப்போம்.